நீலம் பூசினேன், கிண்ணம் பச்சையாகிவிட்டது: கடைந்த மரத்தில் ரேகை தெரியச் சாயம் போடுவது எப்படி?

கோத்தகிரிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். லேத் (மரத்தைச் சுழலவிட்டுக் கடைகிற இயந்திரம்) வாங்கி ஆறு மாதம் ஆகிறது, கிண்ணம் கடையப் பழகிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கம் தேயிலைக்கு நிழல் மரமாக நட்ட சில்வர் ஓக் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டது, தோட்டக்காரர் விறகு விலைக்கே கொடுத்தார். அறுத்துப் பார்த்தால் ஒரு முகத்தில் மீன் செதில் மாதிரி பளபளவென்று புள்ளி புள்ளியாக ஓடுகிறது. இதைச் சாயம் போட்டு எடுத்துக்காட்டினால் எப்படி இருக்கும் என்று ஆசை வந்துவிட்டது.

செய்தது இதுதான். 9 அங்குலக் கிண்ணம். 220 நம்பர் உப்புத்தாள் வரை (நம்பர் கூடக் கூடத் தாள் நைஸ்) தேய்த்தேன். பாலிஷ் கடையில் வாங்கிய நீலச் சாயப் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து, லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே துணியில் நனைத்துப் பூசினேன். (செய்யாதீர்கள். பட்டறைச் சுவரில் கூரை வரைக்கும் ஒரு நீலக்கோடு, என் சட்டையில் மீதி.) காய்ந்ததும் பச்சை ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை.

இப்போது நிலவரம்: நீலம் போய் குளத்துப் பாசி நிறம் வந்துவிட்டது. சுற்றிலும் இசைத்தட்டு மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். எதிரெதிராக இரண்டு இடங்களில் கிட்டத்தட்ட கருப்பு. அப்புறம் விளிம்பில் கொய்யாக்காய் விதை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அங்கே மட்டும் சாயம் ஏறவே இல்லை. எங்கே தப்பு?

உப்புத்தாள் (கோவை)

தம்பி, நீங்கள் சொன்ன நாலு கோளாறையும் நான் நாலு தனித்தனிக் கிண்ணத்தில் செய்திருக்கிறேன், நீங்கள் ஒரே கிண்ணத்தில் முடித்துவிட்டீர்கள், அந்த வகையில் மரம் மிச்சம்.

முதலில் பச்சை. ஆளிவிதை எண்ணெய் மஞ்சள், நாள் ஆக ஆக இன்னும் மஞ்சளாகும். நீலத்துக்கு மேல் மஞ்சள் கண்ணாடி வைத்தால் என்ன ஆகும்? அவ்வளவுதான். டேனிஷ் ஆயில், எண்ணெய் சேர்ந்த வார்னிஷ், எண்ணெய் கலந்த பி.யூ. (பாலியூரித்தேன்), எல்லாமே இதைத்தான் செய்யும். சிவப்பு, ஆரஞ்சு, காப்பி நிறத்துக்கு அந்த மஞ்சள் நல்லது, சூடு கூட்டிக் கொடுக்கும். நீலம், ஊதா, சாம்பல், வெள்ளைக்கு மேல் எண்ணெய் பக்கமே போகாதீர்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பூச்சு போடுங்கள், அது நிறத்தை அப்படியே விடும்.

அடுத்தது அந்தக் கருப்பு இரண்டு. பலகையைப் படுக்க வைத்துக் கிண்ணம் கடைந்தால் சுற்றிவரும்போது இரண்டு இடத்தில் மரத்தின் நார் நம் பக்கம் வாய் காட்டி நிற்கும், இரண்டு இடத்தில் படுத்திருக்கும். வைக்கோல் கட்டைப் படுக்கப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மேலோடு வழிந்து போகும், நிமிர்த்தி வைத்து ஊற்றினால் அடி வரைக்கும் இறங்கும். அதே கதைதான். அந்த இரண்டு இடத்தில்தான் உளி நாரைப் பிய்த்தும் இருக்கும், பிய்ந்த இடம் பஞ்சு மாதிரி இன்னும் அதிகம் குடிக்கும். அங்கே மட்டும் ஒரு நம்பர் அதிகமாக, 320 வரை தேய்த்து மூட வேண்டும். தேய்ப்பதற்கு முன்னால் கௌஜை, அதாவது குழிவான கடைசல் உளியைக் கூராக்கி ஒரு மெல்லிய கடைசிச் சீவல் எடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும், உப்புத்தாளைக் கொண்டு பிய்சலை எடுக்கப் பார்ப்பது ஈயம் பூசி ஓட்டை அடைக்கிற மாதிரி.

வட்டக் கோடு: லேத் ஓடும்போது தேய்த்தால் கீறல் எல்லாம் நாருக்குக் குறுக்கே விழும். சாயம் இல்லாதபோது கண்ணுக்குத் தெரியாது. சாயம் போட்டால் 120 நம்பரில் விட்டுப்போன ஒரே ஒரு கீறலும் மை தீட்டின மாதிரி எழுந்து நிற்கும். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, நார் போகிற திசையிலேயே கையால் நாலு இழு இழுக்க வேண்டும். பிறகு துணியில் ஸ்பிரிட் தொட்டு ஒரு தடவை துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் காய்வதற்குள் எல்லாக் கீறலும் காட்டிக் கொடுத்துவிடும்.

வெள்ளைப் புள்ளி: விரிசலுக்கு உடனொட்டும் பசை விட்டிருப்பீர்கள். பசை குடித்த மரம் சாயம் குடிக்காது.

கோத்தகிரிக்காரன்

ஆமாம், விளிம்பில் முடி அளவு விரிசல் இருந்தது, பசை விட்டேன்! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

உப்புத்தாள்

என்னிடமும் அந்தப் புள்ளி ஒன்று இருக்கிறது, அலமாரியில் அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை விரிசலைச் சுற்றி முதலில் அரக்குப் பாலிஷ் கொஞ்சம் தடவிவிட்டு அப்புறம் பசை விடுங்கள், பக்கத்து மரத்தில் பரவாது. எஞ்சியதைச் சீவி எடுத்துவிடலாம்.

ஸ்கார்பரோ கடைசல் (கனடா)

அண்ணை, இங்க எங்களுக்கு விழுகிற மரம் மேப்பிள். விறகுக் குவியலில் சில துண்டுகள் அலை அலையாக ரேகையோடு வரும், வயலினின் முதுகில் இருக்குமே, அதே ரேகை. சாயம் போட்டு ரேகையை எடுக்கிறது என்றால் முதலில் இதில்தான் பழக வேணும், ஏனென்றால் காரணம் கண்ணுக்கே தெரியும்.

அலை ரேகை என்கிறது உண்மையில் கோடு இல்லை. நார் நேராகப் போகாமல் மேலும் கீழுமாக அலைபோல் போகிறது. அதை நாங்கள் நேராக வெட்டுகிறபோது ஓரிடத்தில் நாரின் வாய் அகப்படும், அடுத்த அரை அங்குலத்தில் நாரின் முதுகு அகப்படும். வாய் இருக்கிற பட்டை சாயத்தைக் கூடக் குடிக்கும், முதுகுப் பட்டை குறையக் குடிக்கும். மேலே உப்புத்தாள் அண்ணை கருப்புத் திட்டுக்குச் சொன்ன அதே காரணம்தான், அங்கே அது கோளாறு, இங்கே அதுதான் அழகு.

நான் செய்கிற முறை. 220 வரை தேய்ச்சு, முதலில் வெறும் தண்ணீரைத் தொட்டுத் துடைச்சுவிட்டு ஒரு இரவு காய விடுவன். மரத்தின் மயிர் எழும்பும், அதை 320-ஆல் மெதுவாக எடுத்துவிட்டால் பிறகு தண்ணிச் சாயம் போடேக்க திரும்ப எழும்பாது. பிறகு கருப்பு அல்லது கடும் காப்பி நிறம், லேத் நிற்கத்தான் பூசுறது, எங்கும் ஊற ஊற. ஐந்து நிமிடம் விட்டு மிச்சத்தைத் துடைச்சுவிட்டு நல்லாக் காய விடுறது. இப்போ பார்த்தால் முழுக் கிண்ணமும் அடுப்புக்கரி. மனம் தளரக்கூடாது. 320 உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க முதுகுப் பட்டைகளில் சாயம் மேலோட்டமாகத்தான் இருக்கும், அது கழன்று வெள்ளை மரம் வரும். வாய்ப் பட்டையில் ஆழமாக இறங்கின கருப்பு நிற்கும். அதுக்கு மேல் மஞ்சளோ தேன் நிறமோ நீலமோ இரண்டாவது சாயம். ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் பட்டைகள் இடம் மாறி ஓடுகிற மாதிரி இருக்கும்.

எவ்வளவு தேய்க்கிறது என்றதில்தான் எல்லாம் இருக்கு. கருப்பு இன்னும் கொஞ்சம் போனால் நல்லது என்று தோன்றுகிறபோது நிப்பாட்ட வேணும். நான் முதல் மூன்றிலும் ஆசையில் கூடத் தேய்ச்சு, திரும்பக் கருப்புப் பூசி, திரும்பத் தேய்ச்சேன்.

கோத்தகிரிக்காரன்

அப்படியானால் என் சில்வர் ஓக்கில் அந்தச் செதில் புள்ளிகளும் இதே மாதிரி கருப்பைப் பிடித்துக்கொள்ளுமா?

உப்புத்தாள்

இல்லை, அங்கே கணக்கு தலைகீழ். அந்தச் செதில்கள் மரத்தின் நடுவிலிருந்து பட்டையைப் பார்த்துப் போகிற கதிர்த் திசுக்கள். நெஞ்சிலிருந்து பட்டை வரைக்கும் கோடு போட்ட மாதிரி வெட்டின முகத்தில்தான் அகலமாகத் தெரியும், மற்ற முகத்தில் மெல்லிய கோடாகப் போய்விடும். ஐரோப்பிய ஓக்கிலும் இதே சமாச்சாரம், அதனால்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரத்துக்கு, ஓக் இனத்தோடு சம்பந்தமே இல்லாவிட்டாலும், ஓக் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தச் செதில்கள் சுற்றியிருக்கிற மரத்தைவிடக் குறைவாகத்தான் சாயம் குடிக்கும். ஆகவே கடும் நிறம் பூசி லேசாகத் தேய்த்தால் செதில்கள் வெளிறி, தரை கருத்து நிற்கும். அலை ரேகைக்குத் தேய்க்கிற அளவில் கால்வாசி போதும்.

கட்டையை லேத்தில் மாட்டும்போதே எந்த முகம் கிண்ணத்தின் எந்தப் பக்கம் வரும் என்று யோசித்து மாட்டுங்கள். அடியில் போய் ஒளிந்துகொண்ட செதிலை எந்தச் சாயமும் மேலே கொண்டுவராது.

வைரம்பாய்ந்தவன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மரத்துக்கு எதற்குச் சாயம்? வாகையின் வைரத்தைக் கடைந்து மெழுகு மட்டும் தேய்த்துப் பாருங்கள், பூவரசின் நெஞ்சுக்கட்டையைப் பாருங்கள், அந்த நிறத்தை எந்தப் பாக்கெட்டில் விற்கிறார்கள்? நீலக் கிண்ணத்தைப் பார்த்தால் எனக்குப் பிளாஸ்டிக் வாளி ஞாபகம்தான் வருகிறது. மரம் தானே காட்டுகிற ரேகை போதாது என்று நினைப்பவன் களிமண் வேலைக்குப் போகலாம்.

ஸ்கார்பரோ கடைசல்

வாகை வைரத்துக்கு நானும் சாயம் போட மாட்டேன் அண்ணை. வாகை இருந்தால் யார் போடுவான்? இங்கே வெள்ளையாக, முகமே இல்லாத மரம்தான் மலிவாகக் கிடைக்கிறது.

அம்பை சொப்பு

வைரம் ஐயா, ஒரு வார்த்தை. நான் அம்பாசமுத்திரம். எங்கள் ஊர் மரச் சொப்பு தெரியாத தமிழ்நாட்டுப் பெண்குழந்தை உண்டா? அடுப்பு, பானை, உரல், திருகை எல்லாம் குட்டி குட்டியாக, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக. அது அத்தனையும் கடைசல்தான், அத்தனையும் நிறம்தான். கடைந்த பொருளுக்கு நிறம் ஏற்றுவது வெள்ளைக்காரன் காணொளியில் வந்த பழக்கம் இல்லை. கர்நாடகத்தில் சென்னபட்டணா, ஆந்திராவில் ஏட்டிகொப்பாகா, எல்லாம் இதே தொழில்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், எங்களுடையது சாயம் இல்லை, அரக்கு. நிறம் கலந்த அரக்குக் கட்டியைச் சுற்றுகிற மரத்தின் மேல் அழுத்துவார்கள், உராய்கிற சூட்டில் அது இளகி மரத்தில் ஏறும். அதற்கு மேல் தாழை ஓலையை வைத்து இழுத்தால் பரவிப் பளபளப்பாகும். அது மரத்தை மூடுகிற நிறம், ரேகை தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அதனால்தான் ரேகை அழுத்தமில்லாத மென்மையான மரமாகத் தேடினார்கள். சென்னபட்டணாவிலும் ஏட்டிகொப்பாகாவிலும் வெட்பாலை, எங்கள் பக்கம் பெரியவர்கள் மஞ்சக்கடம்பு என்பார்கள். அதே கட்டையில் அரக்கு நிறமும் போட்டு ரேகையும் தெரிய வேண்டும் என்றால் நடக்காது. நீங்கள் எல்லோரும் பேசுவது மரத்துக்குள் இறங்குகிற நிறம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உப்புத்தாள்

இதுதான் முக்கியமான இடம், புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கடையில் ஸ்டெயின் என்று டப்பாவில் விற்பது பெரும்பாலும் அரைத்த நிறமண் மாதிரி, துகள். அது மரத்தின் துளையிலும் கீறலிலும் போய் உட்காரும், மற்ற இடத்தில் மேலே மூடும். இரண்டு கை போட்டால் ரேகை மங்கும், மூன்று கை போட்டால் பெயிண்ட். சாயம் என்பது முழுக்கக் கரைந்துவிடும், டம்ளரில் கலக்கி வெளிச்சத்தில் பிடித்தால் சர்பத் மாதிரி ஊடுருவித் தெரியும், எத்தனை நாள் வைத்தாலும் அடியில் வண்டல் படியாது. அதனால் எத்தனை அடர்த்தியாகப் போட்டாலும் மரத்தின் பளபளப்பு உள்ளிருந்து வரும்.

சாயப்பட்டறை (திருப்பூர்)

நான் மரவேலைக்காரன் இல்லை, மகன் கடைகிறான், அவனுக்காகப் படிக்க வந்தேன். இருபது வருடம் துணிக்குச் சாயம் போட்டவன். மரமும் பஞ்சும் உள்ளே ஒன்றுதான், இரண்டிலும் செல்லுலோஸ். பஞ்சுக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயம் மரத்துக்கும் பிடிக்கும். எங்கள் ஊரில் அது கிலோக் கணக்கில், நூறு நிறத்தில் கிடைக்கும்.

அதிலும் எல்லா வகையும் உதவாது. சில சாயத்துக்கு 60 டிகிரி, சிலதுக்கு 80 டிகிரி சூடு வேண்டும், கிண்ணத்தை வேகவைக்கவா முடியும். அறைச் சூட்டிலேயே பிடிக்கிற குளிர் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். மகனுக்கு நான் போட்டுக்கொடுத்த அளவு 100 மில்லி தண்ணீருக்கு 2 அல்லது 3 கிராம். சாயம் பூசி ஈரம் இருக்கும்போதே சலவைச் சோடாக் கரைசலை மேலே தடவி, பாலிதீன் பையில் சுற்றி ஒரு ராத்திரி வைத்தான். சோடா பட்டால்தான் சாயம் செல்லுலோஸோடு பிணைந்துகொள்ளும், இல்லையென்றால் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். சோடா காரம், சில மரங்கள் காரம் பட்டாலே கருத்துவிடும், அதனால் முதலில் ஒரு துண்டுக் கட்டையில் பாருங்கள்.

துணிக்கும் மரத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிணையாத மிச்சச் சாயத்தைத் துணியில் கொதிக்கக் கொதிக்க அலசி எடுத்துவிடுவோம். கிண்ணத்தை அப்படி அலச முடியாது. ஆகவே ஈரத்துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்து, துணியில் நிறம் வருவது குறைந்த பிறகுதான் மேல்பூச்சு. அவசரப்பட்டால் கையில் ஒட்டும்.

இன்னும் இரண்டு விஷயம், கோபித்துக்கொள்ளாதீர்கள். பொடியைக் கலக்கும்போது முகமூடி இல்லாமல் கலக்காதீர்கள், ரியாக்டிவ் சாயத் தூசி மூச்சில் போய்ப் போய் ஆஸ்துமா வந்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அப்புறம் மிஞ்சின சாயத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு டம்ளர்தானே என்பீர்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறு என்ன பாடு பட்டது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது நாங்கள் என்ன பாடு பட்டோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். மரத்தூளில் ஊற்றிக் காயவைத்துக் குப்பையில் கட்டிப் போடுங்கள்.

புது உளி

சமையலறையில் இருக்கிற கேசரிப் பவுடரே போட்டால் என்ன? மஞ்சள்தூள்? பீட்ரூட்? இயற்கையாகவும் இருக்கும்.

ஸ்கார்பரோ கடைசல்

போன கோடையில் ஆறு துண்டு மேப்பிளில் ஆறு நிறம் போட்டு, ஒவ்வொன்றிலும் பாதியை அலுமினியத் தாளால் மூடி, தெற்கு ஜன்னலில் இரண்டு மாதம் வைச்சேன். மஞ்சள்தூள் இரண்டாம் கிழமையே போய்விட்டது, மூடின பாதி மட்டும் சாமி படம் மாதிரி மின்னுது. பீட்ரூட் நிறம் பழைய இரத்தக்கறை ஆகிவிட்டது. கேசரி நிறமும் நிக்கேல்லை. ஸ்பிரிட்டில் கரைகிற மலிவுச் சாயம் பாதி வெளிறியது. தண்ணிச் சாயம் கொஞ்சம் பரவாயில்லை. உலோகம் சேர்ந்த திரவச் சாயம் என்று சின்னப் போத்தலில் வரும், தண்ணி, ஸ்பிரிட் இரண்டிலும் கலக்கலாம், அதுதான் கடைசி வரைக்கும் நின்றது. விலை கண்ணைக் குத்தும், ஆனால் ஒரு லீட்டருக்கு 30 மில்லி காணும், பல கிண்ணம் வரும்.

எந்தச் சாயமாக இருந்தாலும் வெயில் நேரே படுகிற இடத்தில் வைக்காதேங்கோ.

அம்பை சொப்பு

மஞ்சளுக்கு ஒரு வேடிக்கை உண்டு. மஞ்சள் பூசின மரத்தில் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டுக் கோடு போட்டுப் பாருங்கள், ஆரத்தித் தட்டு மாதிரி சிவக்கும். நிற்காது. பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கடுக்காய் (கும்பகோணம் பக்கம்)

நிற்கிற நிறம் வேண்டும் என்றால் கருப்பு ஒன்று இருக்கிறது, பைசா செலவில்லாமல். இரும்புக் கம்பளியை (ஸ்டீல் வூல்) சோப்பில் அலசி எண்ணெய் போக்கி, வினிகரில் போட்டு ஒரு வாரம் விடுங்கள். மூடியை இறுக்காதீர்கள், வாயு வரும், பாட்டில் வெடிக்கும். துணியில் வடிகட்டினால் வெளிர் பழுப்பில் ஒரு தண்ணீர் வரும். மரத்தில் துவர்ப்பு இருந்தால் அதைப் பூசின சில நிமிடத்திலேயே கருக்கத் தொடங்கும். பேனா மையிலிருந்து கருவேலம்பட்டையில் பதனிட்ட தோல் கருப்பது வரைக்கும் இதே வேதியியல்தான்.

துவர்ப்பு இல்லாத மரத்துக்கு நாமே கொடுக்கலாம். ஆங்கிலக் காணொளியில் எல்லாம் கெட்டியான தேநீரைப் பூசச் சொல்வார்கள். நம்மிடம் அதைவிடப் பெரிய ஆள் கடுக்காய். ரப்பர் மரத்தில் வெறும் இரும்புத் தண்ணீர் பூசினேன், மழைக்கு நனைந்த வேலி மாதிரி சாம்பல் நிறம். கடுக்காய்த்தூள் கஷாயம் முதலில் பூசிக் காயவிட்டு, அப்புறம் இரும்புத் தண்ணீர் பூசினேன், யானைக் கருப்பு. கலம்காரிக்காரர்கள் துணிக்குச் செய்வதும் இதுதான், துணியைக் கடுக்காய் ஊட்டி வைத்து, துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரில் கருப்புக் கோடு போடுவார்கள். எங்கள் பக்கத்துக் கருப்பூரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எனக்கு இந்த எண்ணமே வந்தது.

இது சாயம் என்றே சொல்லக்கூடாது, மரத்துக்குள்ளேயே பிறக்கிற நிறம், அதனால் சீக்கிரம் வெளிறாது. ரேகை காட்டவும் உதவும், துவர்ப்பு அதிகமான இடம் முதலில் கருக்கும், வெளிக்கட்டை வெளுப்பாக நிற்கும். தண்ணீரைப் பாதியாக நீர்த்துப் பூசினால் அந்த ஏற்ற இறக்கம் அழகாக வரும், கெட்டியாகப் பூசினால் எல்லாம் ஒரே கருப்பு.

ஸ்கார்பரோ கடைசல்

இதை நான் ஆஷ் மரத்தில் செய்து பார்க்கப் போறன். இங்கே ஆஷ் மரம் எல்லாம் வண்டு தின்று செத்துக்கொண்டிருக்கு. 2002-இல் டெட்ராய்ட், விண்ட்சர் பக்கம் முதலில் கண்டுபிடித்த பச்சை வண்டு, இப்ப எங்கட தெரு மரத்தையும் வெட்டிப் போட்டார்கள். ஆஷில் வருட வளையத்துக்கு ஒரு வரிசை பெரிய துளை. அந்த மென்மையான வளையத்தைப் பித்தளைத் தூரிகையால் நார்ப்பக்கமாகச் சுரண்டிப் பள்ளமாக்கி, முழுக்கக் கருப்பாக்கி, சீலர் என்கிற அடிப்பூச்சு ஒரு கை போட்டு மூடிவிட்டு, வெள்ளை மெழுகைத் துளைக்குள் தேய்த்து மேலே துடைச்சால், கருப்புக்கு மேல் வெள்ளை ரேகை. தங்க நிற மெழுகும் போடலாம், ஆனால் அது கொஞ்சம் கலியாண மண்டபம் மாதிரி இருக்கும். இங்கே சீலரை மறந்தால் கதை முடிந்தது, மெழுகு எல்லா இடத்திலும் ஏறிச் சாம்பலாகிவிடும்.

வைரம்பாய்ந்தவன்

கடுக்காய்க் கருப்பு எனக்குச் சம்மதம். அது மரத்தோடு பேசி வருகிற நிறம். நீலம் இன்னும் சம்மதமில்லை.

புது உளி

சாயம் போட்ட கிண்ணத்தில் சாப்பிடலாமா? அம்மா சாலட் போட்டுவைக்கக் கேட்கிறார்.

உப்புத்தாள்

வெளிப்பக்கம் மட்டும் சாயம், உள்பக்கம் வெறும் மரம், இதுதான் என் வழக்கம். சாயக் கடையில் வாங்கிய பொடியில் என்ன இருக்கிறது என்று பாக்கெட்டில் எழுதியிருக்காது. மேல்பூச்சு தேய்ந்தால் எலுமிச்சம்பழம் பிழிந்த சாலட் நேரே சாயத்தைத் தொடும். பார்க்கவும் அதுதான் எடுப்பு, வெளியே கடும் நிறம், உள்ளே பால் வெள்ளை. விளிம்பில் சாயம் உள்ளே வழியாமல் இருக்க, முதலில் வெளிப்புறம் மட்டும் கடைந்து சாயம் போட்டுச் சீலர் அடித்துவிட்டு, பிறகு உள்ளே குடையுங்கள். விளிம்புக் கோடு பிளேடு வைத்துக் கிழித்த மாதிரி வரும்.

கோத்தகிரித் தம்பி, உங்கள் பாசிக் கிண்ணத்தைத் தூக்கிப் போடாதீர்கள். சுவர் கனம் கால் அங்குலம் இருந்தால் வெளிப்புறம் ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். ஒன்று மட்டும், ஸ்பிரிட் சாயத்துக்கு மேல் அரக்குப் பாலிஷைத் துணியால் தேய்க்காதீர்கள், பாலிஷில் இருப்பதும் ஸ்பிரிட்தான், கீழே இருக்கிற சாயத்தைக் கரைத்து இழுத்துவிடும். அதேபோல் தண்ணிச் சாயத்துக்கு மேல் தண்ணீர்ப் பூச்சை நேரே தேய்த்தாலும் இழுக்கும். தண்ணிச் சாயத்துக்கு மேல் அரக்கை ஸ்பிரேயில் பனி மாதிரி இரண்டு கை, அதற்கு மேல் அக்ரிலிக்.

கோத்தகிரிக்காரன் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி, படம் போட்டிருக்கிறேன். பழைய கிண்ணத்தைச் சீவப் போய் அடி மெலிந்து ஒளி தெரிய ஆரம்பித்துவிட்டது, நிறுத்திவிட்டேன், அது பாசியாகவே இருக்கட்டும். இது புதுசு. செதில் முகம் இரண்டு பக்கமும் வருகிற மாதிரி கட்டையை மாட்டினேன். 320 வரை தேய்த்து, ஒவ்வொரு நம்பருக்கும் லேத்தை நிறுத்தி நார்ப்பக்கமாகக் கையால் இழுத்தேன், கை போய்விட்டது. தண்ணீர் தொட்டு மயிர் எழுப்பி எடுத்தேன். முதலில் கருப்பு கலந்த கடும் நீலம், காய்ந்ததும் பழைய 400 உப்புத்தாளால் ஐந்தாறு இழுப்பு மட்டும், அதற்கு மேல் நீர்த்த நீலம். செதில்கள் வானத்தில் மேகத் துணுக்கு மாதிரி வந்திருக்கின்றன, படத்தில் அவ்வளவு தெரியவில்லை, நேரில் திருப்பினால் மின்னுகிறது.

கோளாறு இல்லாமல் இல்லை. அரக்கு ஸ்பிரேயை ஓரிடத்தில் ஆசையில் கிட்டே பிடித்து அடித்துவிட்டேன், அங்கே வழிந்து ஒரு கண்ணீர்க்கோடு. ஒரு பக்கம் நார் வாய் இன்னும் ஒரு சாயல் கருப்பு. மிச்சத் துண்டு ஒன்றில் இதே நீலத்தைப் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி ஜன்னலில் வைத்திருக்கிறேன், பொங்கல் முடிந்து எடுத்துப் படம் போடுகிறேன்.

ஒரு சந்தேகம். இரண்டு முழங்கையிலும் சிவந்து தடித்து அரிக்கிறது. சாயம் ஒத்துக்கொள்ளவில்லையா?

உப்புத்தாள்

சாயமாக இருக்காது, சில்வர் ஓக் தூளாக இருக்கும். அந்த மரம் பலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது. முழுக்கைச் சட்டை, முகமூடி, வேலை முடிந்ததும் நேரே குளியல். இரண்டு நாளில் அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணீர்க்கோட்டை ஒரு வாரம் காயவிட்டு 600 நம்பரைத் தண்ணீரில் நனைத்துத் தட்டையான கட்டையில் சுற்றித் தேய்த்தால் போய்விடும், நீலம் வரைக்கும் இறங்கிவிடாதீர்கள்.

வைரம்பாய்ந்தவன்

படம் பார்த்தேன். வாளி மாதிரி இல்லை. செதில் இருக்கிற இன்னொரு துண்டு இருந்தால் எனக்கு ஒன்று அனுப்ப முடியுமா, கூரியர் செலவு நான் தருகிறேன், கடுக்காய்க் கருப்பில் பார்க்க வேண்டும்.